மணமகள் ஏறிய பழைய கார்

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையில் மாலை வெயில் சாய்கிறது. மகளைத் தன் பழைய காரில்தான் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவேன் என்று அடம்பிடித்த நூரி, வண்டி உதறி, காலடியில் தீய்ந்த வாடை வந்ததும் ஓரங்கட்டிவிட்டு வியர்த்து நிற்கிறார். காரின் அடியில், புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ச்சிய இரும்பாய்ச் சிவந்திருக்கிறது. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் ஹார்ன் அடித்துக் கேலி செய்கிறார்கள். "மாமா, பொண்ணை எங்க வண்டிக்கு அனுப்புங்க. இதுல ஆட்டைச் சுடலாம்!" மணமகளின் தோழி லம்யா மெக்கானிக். பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, ஓடும் இஞ்சினுக்குள் குனிந்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறாள். மூன்றாவதைக் கழற்றும்போது மட்டும் சத்தம் மாறவேயில்லை. "இந்தப் பிளக்குல பொறி வரல மாமா. எரியாத பெட்ரோல் கீழ போய் எரியுது. பாவம், கன்வெர்ட்டர் என்ன பண்ணும்?" இஞ்சினை நிறுத்தி, டிக்கியில் கிடந்த புதுப் பிளக்கை மாட்டி மறுபடி கிளப்பியதும் உதறல் நின்று, இஞ்சின் சீராக முனகுகிறது. அடியில் சிவப்பு மெல்ல மங்கிக் கறுக்கிறது. நடுச்சாலையிலேயே மேளம் தொடங்கிவிடுகிறது, பெண்கள் குலவையிடுகிறார்கள். நூரி பரபரப்பாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். "நேரமாயிடுச்சேம்மா, மாப்பிள்ளை காத்திருப்பாரே." பின்சீட்டிலிருந்து மணமகள் இப்திசாம் முன்னால் சாய்ந்து, அவர் தோளில் முகவாயை வைக்கிறாள். "காத்திருக்கட்டும்ப்பா. நீங்க மெதுவாவே ஓட்டுங்க."