தப்பாகக் கலந்த வெள்ளை

வெள்ளை என்று மூடியில் எழுதியிருந்தது. செங்கல்லில் ஏறியது பல் ஈறின் நிறம்.

டுவேன் சிரித்தான். என் மனைவி மார்லீஸின் அண்ணன். சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருவதற்குள் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புச் சுவர் வெள்ளையாக வேண்டும் என்று முடிவு செய்தவன் அவன்தான். சிவப்புச் செங்கல்லைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்களாம். ஒரு சுவர் வெளுத்தால் தங்கள் வாழ்க்கையும் விளங்கிவிடும் என்று நம்புகிற கூட்டம்.

அவன் உதவவில்லை. காபிக் கோப்பையோடு நின்று வேலை கற்றுக்கொடுத்தான். கரியைக் கழுவினேனா, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டேனா. தன் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காதவன்.

மூன்று முறை பூசினேன். செங்கல் ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு, முன்னைவிட அசிங்கமாகக் காட்டியது.

நல்ல டப்பா இருக்கிறதா என்று கார் கொட்டகைக்குப் போனவன் சத்தமாகச் சிரித்தான். அங்கே பதின்மூன்று டப்பாக்கள் இருந்தன. ஹார்டுவேர் கடையில் தப்பாகக் கலந்து, வாங்கியவர்கள் திருப்பித் தந்தவை. பச்சை கேட்டவருக்குப் பழுப்பு, நீலம் கேட்டவருக்குச் சாம்பல். கால் விலைக்குக் கிடைத்தவை.

“என்னடா கர்ட், இந்தக் குப்பைக்கு நடுவுலயா என் தங்கச்சிய வெச்சிருந்த? கஞ்சப் பயலே, இப்பவாவது ஒரு நல்ல டப்பா வாங்கக் கூடாதா?”

நான் பிரஷ்ஷை நனைத்தேன்.

எல்லாவற்றையும் இன்றைக்கே தன் வண்டியில் அள்ளிப்போய்க் கொட்டிவிட்டு, புதிய வெள்ளை வாங்கி வருவதாகச் சொன்னான். கைக்கு ஒன்றாக இரண்டு டப்பாக்களைத் தூக்கி வந்தவன், கணப்பின் முன்னால் நின்றுவிட்டான். மூடியைப் பார்த்தான். கலந்தவர் விரலால் ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் தேதியும் பெயரின் முதலெழுத்தும் எழுதும் இடம் அது.

“இது அவ எழுத்தாச்சே.”

ஆமாம். கடையில் பெயின்ட் மேசை, மார்லீஸ் இருந்தவரை, அவளுடையது. எந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாலும் கண்ணாலேயே பார்த்து அதே நிறத்தைக் கலந்து தருவாள். ஏழு வருடங்களில் ஒரு டப்பா திரும்பி வந்ததில்லை.

பிறகு, மார்ச்சில் ஒன்று. ஏப்ரலில் இரண்டு. ஆகஸ்டில் மட்டும் ஆறு. அவள் எழுத்தும் டப்பாவுக்கு டப்பா சரிந்துகொண்டே போயிருந்தது.

செப்டம்பரில், அவள் மூளையின் ஸ்கேன் படத்தின் முன்னால் நின்று மருத்துவர் கேட்டார், சில மாதங்களாக அவள் பார்வையில் ஏதாவது மாற்றத்தைக் கவனித்தேனா என்று.

இல்லை என்றேன்.

டுவேன் டப்பாக்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

நான் பூசிக்கொண்டிருந்தது ஆகஸ்டின் கடைசி டப்பா. அதைக் கொண்டுவந்த அன்று அவள் சமையலறையில் நின்று அழுதாள். நான் கால் விலைச் சந்தோஷத்தில் இருந்தேன். அவள் தோளைத் தட்டிச் சொன்னேன்:

“விடு மார்லீஸ். இன்னும் ரெண்டு தப்பு பண்ணு, கணப்புக்கும் சேர்த்து ஆயிடும்.”