படிக்காமல் விட்ட பக்கம்

"இதப் போயி குழந்தைங்க படம்னு நோட்டீஸ் ஒட்டிக்கீறானே, அவன் நல்லா இருப்பானா? என் சின்னது ராத்திரி முழுக்க முந்தானைய வுடல!"

அடி பம்பில் குடத்தை வைத்தபடியே ரத்னா பொரிந்து தள்ளினாள். தொண்ணூற்றொன்றாம் வருடப் பொங்கலுக்குப் பட்டணத்தில் வெளியான படம், மாசி முடிவதற்குள் சுங்குவார்சத்திரம் டூரிங் கொட்டகைக்கு வந்துவிட்டது. நேற்று முதல் ஆட்டத்தில் ஊரில் பாதி அங்கேதான் மணலில் உட்கார்ந்திருந்தது.

"படம் நல்லா இல்லியா?" என்று வரிசையில் நின்ற சுந்தராம்பாள் மெதுவாகக் கேட்டாள். மூட்டுவலி என்று சொல்லிப் படத்துக்குப் போகாமல் இருந்துவிட்டவள் அவள்.

"பறக்கற குதிர, பேசற கெண்ட மீனு, எல்லாம் ஷோக்காத்தான் கீது. ஏரில முழுகிப் போன பொண்ணு திரும்பி வர்றா பாரு, அப்பறந்தான் பசங்கல்லாம் அலறிச்சிங்க. தொடைக்கத் தொடைக்க அவ காலு ஈரம் காயவே மாட்டேங்குது. வந்தது பொண்ணே இல்லக்கா. ஏரில கீற ஏதோ ஒண்ணு. மூணாம் நாளு அம்மாக்காரியையும் கையப் புடிச்சி ஏரிக்கே இட்டுகினு பூடுது!"

வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு வந்த ரத்னாவின் புருஷன் யாக்கோபு துப்பிவிட்டுச் சொன்னான். "கதையில இன்னா கீதோ அதத்தான் எடுத்துக்கீறான். முடிவ மாத்தாததுக்கே அவனுக்குக் கையத் தட்டணும். பத்திரிகையில தொடரா வந்தப்பவே வாரா வாரம் டீக்கடையில படிச்சவன் சொல்றேன்."

"இன்னாய்யா ஒளர்ற? பொண்ணு நெஜமாவே திரும்பி வந்துடுச்சின்னுதானே சுந்தராம்பா அக்கா படிச்சிது?"

இருவரும் சுந்தராம்பாளைப் பார்த்தார்கள். அவள் குடத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் என்றைக்காவது ஒருநாள் சோறு தீரத்தானே செய்யும்?

அந்தத் தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் சுந்தராம்பாள் ஒருத்திதான். வாரப் பத்திரிகை வந்ததும் அவள் வீட்டில் கூடுவார்கள். புளியங்கொட்டை எடுத்தபடியே தொடர்கதை கேட்பார்கள். அம்சவல்லியும் வருவாள். ஏழு வயது மகள் செந்தாமரையை ஒரு மழைக்காலத்தில் ஏரிக்குப் பறிகொடுத்தவள். அந்த மழைக்காலத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாமல் குச்சியாகக் கிடந்தவள், கதையிலும் ஒரு பெண் ஏரியில் மூழ்கியதும் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை.

கடைசி வாரத்தைப் படித்தபோது அம்சவல்லியின் கண்கள் சுந்தராம்பாளின் வாயிலேயே இருந்தன. கதவைத் தாழ் போடாமல் காத்திருந்த தாயிடம் மகள் திரும்பி வந்தாள் என்பது வரை அச்சில் இருந்தது. அடுத்த பக்கத்தைச் சுந்தராம்பாள் படிக்கவில்லை. "அப்பறம் ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்களாம்" என்று சொல்லிப் பத்திரிகையை மூடிவிட்டாள்.

அன்றைக்கு அம்சவல்லி இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தன் வீட்டுக் கதவைத் தாழ் போடுவதையும் நிறுத்திவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பொய்யில் ஒருத்தி சாப்பிட்டால் என்ன பாவம்?

"அம்சாவும் உங்க கூடத்தானே வந்தா? படத்தப் பாத்துட்டு இன்னா சொன்னா?" என்று சுந்தராம்பாள் கேட்டாள்.

"பின்னால குந்திகினு இருந்தா. பசங்களப் புடிக்கறதே எனக்குப் பெரும்பாடு, யாரு பாத்தா? படம் வுட்டப்ப ஆளக் காணோம்."

குடத்தை அப்படியே போட்டுவிட்டுச் சுந்தராம்பாள் நடந்தாள். அம்சவல்லியின் புருஷனுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். அந்த முடிவைப் பார்த்துவிட்டு, தனியாக, தாழ் போடாத வீட்டில் அவள் என்ன செய்திருப்பாளோ? ஏரி வேறு கூப்பிடு தூரத்தில்.

கதவு திறந்திருந்தது. அம்சவல்லி வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய புடவைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். சுந்தராம்பாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது சுந்தராம்பாளுக்கு.

"வாக்கா. உன்னத் தேடினு நானே வரணும்னு இருந்தேன். நீ படிச்ச மாதிரியேதாங்கா எல்லாம்! கதவத் தட்டல. வெளிய நின்னுகினு 'அம்மா, குளுருது'ன்னா. வாடி கண்ணுன்னு கூப்ட்ட அப்பறந்தான் உள்ள வந்தா. எனக்கு அழுக நிக்கவே இல்ல."

பாவம், பார்க்க விரும்பியதை மட்டும் பார்த்திருக்கிறாள் என்று சுந்தராம்பாள் நினைத்தாள். அப்படியே விட்டுவிடலாம்தான். ஆனால் யாக்கோபின் வாய் சும்மா இருக்காது. தெருவில் யாரோ சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

"அம்சா, அதுக்கப்பறம் ஒண்ணு வந்துச்சே, அத நான் அன்னைக்கி உனக்குப் படிக்கல. வேணும்னுதான் வுட்டேன். நீ சாப்புடணும்னுதான் அப்டி செஞ்சேன். என்ன மன்னிச்சிடும்மா."

"எதுக்கப்பறம்?"

"படத்துல, அந்தப் பொண்ணு திரும்பி வந்த அப்பறம்."

"படத்துல வந்துச்சா? எனக்குத் தெரியாதுக்கா. மனசு என்னவோ மாதிரி இருந்துச்சி, இடைவேளையிலயே எழுந்து வூட்டுக்கு வந்துட்டேன்." அம்சவல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவா பேசுக்கா, இப்பத்தான் கண்ண மூடினா."

பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அங்கே ஏற்கெனவே மூன்று துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு மட்டும் புரியலக்கா. ராத்திரியிலேர்ந்து தொடைக்கிறேன், அவ காலு காயவே மாட்டேங்குது."