இரண்டாவது கன்று

ஜாவா தீவில், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே சுமியாத்தியின் கொட்டிலில் ஓர் எருமை இருந்தது. ஆனால் அது அவளுடையது இல்லை. பக்கத்துத் தெரு ஹார்ஜோ அதை கன்றுகளில் பங்கு தருவதாக அவளிடம் வளர்க்க விட்டிருந்தார். முதல் கன்று அவருக்கு, இரண்டாவது கன்று அவளுக்கு, அதன் பிறகு எருமையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

இரண்டாவது கன்று பிறந்து துள்ளப் பழகியதுமே ஹார்ஜோ கயிற்றோடு வந்துவிட்டார். எருமையின் கண்களில் நீர் வழிந்தது. முதல் கன்றை ஓட்டிப் போன துக்கமே அதற்கு இன்னும் ஆறவில்லை.

"எதுக்கு அழுவுறே? கன்னு அவளுக்கு, நீ அவருக்கு. எல்லாம் முன்னாடியே பேசினதுதானே?" என்றது முற்றத்து வாத்து.

"என் மடியில இருக்கிற பால் யாருக்குன்னு யாருமே பேசலையே" என்றது எருமை.

கட்டிக் கிடந்த கன்று ஓயாமல் கத்தியது. சுமியாத்தி கன்றை அவிழ்த்து, அந்தக் கயிற்றையும் ஹார்ஜோவிடம் நீட்டினாள்.

"பால்குடி மறக்கிற வரைக்கும் தாய்கூடவே இருக்கட்டுங்க."

"என் கொட்டில்ல நின்னா என்னோடதுன்னுதானே ஊர் சொல்லும்?"

"சொல்லட்டுங்க. அதுக்குப் பசிக்குதே."

எருமை கன்றோடு ஹார்ஜோவின் பின்னால் நடந்தது. வாய்க்கால் திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. காலியான கொட்டிலின் வாசலிலேயே சுமியாத்தி நின்றிருந்தாள்.

"நல்லாக் குடிச்சுச் சீக்கிரம் வளருடி" என்றது எருமை, கன்றை நக்கியபடி. "உனக்காக அங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா."