சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்

ராத்திரியெல்லாம் வரைந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்மீது நானே டீயைக் கொட்டிவிட்டேன். கறையோடு எங்கள் ஆம்பூர் கம்பெனி மேனேஜர் வீரபாகுவிடம் நீட்டினேன். இந்த டிசைனும் தேறாவிட்டால் மறுபடி கட்டிங் டேபிள் வேலைக்கே அனுப்பிவிடுவார்.

"மூக்கு இன்னாய்யா இவ்ளோ நீளம்? கல்லுல இடிக்கும். கம்மி பண்ணு."

ரப்பரால் அழித்தேன்.

"பின்னாடி இறக்கை?"

"ஸ்பீடுக்கு, சார்."

"பேஜாருய்யா, எங்கியாவது மாட்டிக்கும். எடுத்துடு. சிவப்பு வேணாம், இந்த டீ கலரே நல்லாருக்கு."

"அதுக்குத்தான் சார் கொட்டினேன்."

அவர் சிரிக்கவில்லை.

"சார், ஒளிக்காம சொல்லுங்க. இது ஓடுமா?"

"ஓடும்யா. இந்தக் கார் ஷூவை மாட்டிவிட்டா எந்தப் பையன் ஒரு இடத்துல நிப்பான்? நாளைக்கே தைக்கச் சொல்லு."