ஹென்ஸ்லி ஊற்று

“அந்த ஆணியை அடிக்கிறதா இருந்தா, முதல்ல என் நெஞ்சுல அடிச்சுட்டு அப்புறம் மரத்துல அடி, பொண்ணே.”

வெர்ஜில் ஹென்ஸ்லி இரு கைகளையும் விரித்து மரத்தை மறைத்து நின்றார். முதுகிலிருந்த பெரிய மூட்டையைக்கூட இன்னும் இறக்கவில்லை. சுத்தியலை ஓங்கிய வனக்காவலர் மார்லா அப்படியே நின்றுவிட்டாள்.

மரத்தில் ஏற்கெனவே ஒரு பழைய பலகை இருந்தது. ‘ஹென்ஸ்லி ஊற்று’ என்று அதில் செதுக்கியவர் வெர்ஜிலின் தாத்தா. மார்லா கொண்டு வந்த புதுப் பலகையில் சிவப்பு எழுத்து: ‘காய்ச்சியோ, வடிகட்டியோ, கிருமிக்கொல்லி மாத்திரை போட்டோ மட்டுமே இந்த நீரைக் குடிக்கவும்.’

“எங்க குடும்பப் பேருக்குக் கீழயே இதை மாட்டுவியா? அதுக்கு என் முகத்துல கரியைப் பூசிட்டுப் போயிடேன்.”

“சார், தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தாச்சு. கிருமி இருக்கு. மேல மான் நடமாடுது, காட்டுப்பன்னி புரளுது. நான் என்ன பண்ணட்டும்?”

“மான் எங்க தாத்தா காலத்துலயும்தான் நடமாடிச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து ஒவ்வொரு கோடைக்கும் நானும் என் பெண்டாட்டியும் மூட்டை கட்டிக்கிட்டு இந்த மலை ஏறுறோம். இங்கதான் தண்ணி பிடிக்கிறோம். ஐம்பது வருஷத்துல ஒரு தடவையாவது எங்களுக்கு வயித்தால போயிருக்கா? அவளையே கேளு!”

“இல்லம்மா, ஒரு நாளும் இல்ல” என்றாள் லொரீன். பாறையில் மண்டியிட்டு, கணவரின் நசுங்கிய அலுமினியக் குடுவையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அட்லாண்டா நகரத்திலிருந்து வந்திருந்த மருமகன் டெரிக் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தான். ஊற்று நீர் நிரப்பிய பையின் வாயில் வடிகட்டியைத் திருகி, பையை இரு கைகளாலும் பிழிந்தான். பாட்டிலுக்குள் நூல் போல நீர் இறங்கியது.

“அவனைப் பாரு” என்றார் வெர்ஜில். “அட்லாண்டாவுல மாடு கிடைக்கல போல. இங்க வந்து பையைக் கறக்கிறான்.”

“கறந்துட்டுப் போறேன் சார். போன வருஷம் வேற மலையில வடிகட்டாம குடிச்சுட்டு, ஊர் திரும்புற வரைக்கும் புதர்லயே குடியிருந்தேன்.”

“அது பேர் தெரியாத தண்ணி. இது எங்க தண்ணி.”

மார்லாவின் பக்கம் திரும்பியபோது வெர்ஜிலின் குரல் தணிந்தது. பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுகிறவரின் குரல் அது.

“இதோட ருசி தெரியுமா உனக்கு? நாக்குல பட்டதும் சுள்ளுன்னு ஒரு பிடி பிடிக்கும். லேசா இரும்பு வாடை. தொண்டை இறங்கின பிறகும் நிக்கும். அந்தப் பிடிக்கு முன்னாடி எந்தக் கிருமி பிழைக்கும்?”

“நானும் இங்க பல தடவை குடிச்சிருக்கேன் சார். வடிகட்டித்தான். எனக்கு அப்படி ஒண்ணும் தெரிஞ்சதில்லையே.”

“வடிகட்டினா ருசியும் சேர்ந்து போயிடும். அதுவும், வந்த வேகத்துல மாடு மாதிரி குனிஞ்சு குடிக்கிற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. வேர்த்த உடம்போட குடிக்க லொரீன் விடமாட்டா. தண்ணியைப் பிடிச்சு, மூடி போட்டு, அந்த மேட்டுல அரை மணி உட்கார்ந்து வேர்வை அடங்கின பிறகுதான் குடுவையைக் கையில தருவா. குடும்ப ஒழுக்கம்னா அது!”

மார்லா சுத்தியலை இறக்கினாள். அவளுக்கும் மனம் இளகிவிட்டது.

“சரி சார். இத்தனை வருஷம் சுத்தம் பண்ணாம குடிச்சும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கிறேன். பலகையை உங்க பேருக்குக் கீழ வேண்டாம், பாதை முனையில வச்சுக்கலாம்னு கேக்கிறேன். ஆனா இது ஹென்ஸ்லி குடும்பத்து வார்த்தைன்னு சொல்லப்போறேன். பொய்யாப் போயிடக் கூடாது.”

“ஹென்ஸ்லி வார்த்தை என்னைக்குப் பொய்யாப் போச்சு? வார்த்தைகூட வேண்டாம். கண்ணாலயே பாரு.”

மூடி போடப் போன லொரீனின் கையிலிருந்து குடுவையை வெடுக்கென்று பிடுங்கினார்.

“ஐயோ, இரு வெர்ஜில்! வேர்த்துக் கொட்டுது உனக்கு. மேட்டுக்குப் போயிடலாம்!”

“குடும்ப மானம் போயிட்டிருக்கு, நீ வேர்வையைப் பார்க்கச் சொல்றியா?”

“வேண்டாம் சார்” என்று மார்லாவும் முன்னால் வந்தாள். அதற்குள் அவர் நிமிர்ந்து நின்று, அண்ணாந்து, வாய் நிறைய ஊற்றிக்கொண்டுவிட்டார்.

விழுங்கவில்லை. முகம் கோணியது. அத்தனையையும் புதரில் துப்பினார்.

“இது எங்க தண்ணியே இல்ல! சப்புன்னு இருக்கு!”

டெரிக் பையைப் பிழிவதை நிறுத்தினான். வெர்ஜில் மார்லாவை நோக்கி விரலை நீட்டினார்.

“சோதனை பண்றேன்னு வந்து ஊத்துல என்னத்தைக் கலந்தீங்க?”

“ஒரு துளிகூட ஒண்ணும் கலக்கலை சார். சத்தியமா.”

“பின்ன ருசி எங்க போச்சு? லொரீன், நீயே சொல்லு. ஐம்பது வருஷமா இல்லாம இன்னைக்கு மட்டும் எப்படி மாறும்?”

எல்லோரும் லொரீனையே பார்த்தார்கள். அந்தப் பதற்றத்தில் அவளுக்கு யோசிக்க அவகாசமில்லை.

“நான் இன்னும் அதுல மாத்திரையே போடலையே, வெர்ஜில்!”