புதுவீட்டில் பால் காய்ச்சிய காலை

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒருத்தி வீடு மாறின கதை சொல்கிறேன்.

புரோக்கர் பசவராஜ் காட்டிய வீடுகளை எல்லாம் ஏறி இறங்கி அலுத்து, நிர்மலா ஒருவழியாக மண்டி மொஹல்லா பேட்டையில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தாள். பால் பொங்கினால்தான் வீடு நம்மை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அடுப்பு முழுசாக எரிந்தும் பால் அசையவே இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

“ஓனர் மாதிரியே இந்த அடுப்பும் பிகு பண்ணுது மேடம். ஸ்வல்ப பொறுங்க,” என்றார் பசவராஜ்.

போன் அடித்தது. பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு கௌரம்மா.

“ஏன்டி நிர்மலா, நீ காலி பண்ணின வீட்டுல யாரு பால் காய்ச்சறது? பூட்டின கதவுக்கு அடியில பொங்கி வழியுதே!”

நிர்மலா மெல்ல அடுப்பை அணைத்தாள்.

“அட, நின்னுடுச்சுடி,” என்றாள் கௌரம்மா.

எங்கே குடிபோனாலும், கண்ணுகளா, உங்கள் பால் உங்கள் அடுப்பிலேயே பொங்கட்டும்.