மூலையில் நின்ற ரோல்

யாமினி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது, ஏர்பேடு குடோன் கதவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டது.

கதவில் மண்டையோட்டுப் படம். கீழே தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருந்தது: உள்ளே விஷவாயு, திறக்காதே.

அடக் கடவுளே, பூச்சி மருந்து சனிக்கிழமை என்றல்லவா சொன்னார்கள்!

உள்ளே, கப்பலேறப் போகும் தென்னைநார்ப் பாய்கள் ரோல் ரோலாக நிற்கின்றன. மூலையில் நிற்கும் ரோலின் நடுப்பொந்தில் அவளுடைய பை இருக்கிறது. இரண்டு சுடிதார், ஆதார் அட்டை, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். அவள் அப்பாவின், அவள் வாயில் நைனாவின், பீரோவிலிருந்து அவற்றை எடுத்ததே பெரும்பாடு. வீட்டில் ஒளித்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்வாள். அதனால்தான் பாய்க்கு ஓரம் வெட்டும் வேலைக்கு வருகிற இடத்திலேயே ஒளித்து வைத்தாள்.

நாளைக் காலை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரவேண்டும். ஒரிஜினலைக் காட்டினால்தான் வேலை, ஹாஸ்டல் எல்லாம்.

இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரருக்குக் கழுத்தை நீட்டவேண்டும். மனைவியைப் பறிகொடுத்தவர், நைனா வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மனுஷன் தங்கம் என்கிறார்கள். தங்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு வேண்டாம்.

வேண்டாம் என்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தாள். யார் காதில் ஏறியது?

இன்றைக்கு முகூர்த்தப் புடவை எடுக்க அம்மாவோடு திருப்பதிக்கு நைனாவே பஸ் ஏற்றிவிட்டார். கடையில் புடவையை விரிக்க விரிக்க அவளுக்கு நெஞ்செல்லாம் இங்கேயே இருந்தது. அரை நாள் கூலியை விடுவானேன் என்று சாக்குச் சொல்லி, அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

மருந்து போடும் கேசவன் வேப்பமரத்தடியில் முகமூடியைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெண்களின் சோற்றுப் பைகள் கிடந்தன. மருந்து வைக்குமுன் உள்ளே இருக்கும் பைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போடுவது அவர் வழக்கம்.

யாமினியின் கண் ஒவ்வொரு பையாகத் தாவியது. அவளுடையது இல்லை.

யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் குடோனுக்கு மேஸ்திரியே அவள் நைனா கோவர்த்தனன்தான். தூரத்தில் கேட்டருகே லாரிக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேசவனிடம் கெஞ்சினாள். "அண்ணா, ஒரே நிமிஷம் தொறங்கண்ணா. மூலை ரோல்ல என் பை மாட்டிக்கினு இருக்குது."

கேசவன் பதறிப்போனார். "ஐயோ பாப்பா, உள்ள ஒரு மூச்சு இழுத்தா ஆளே காலி. மாத்திரை வாயுவக் கக்க ஆரம்பிச்சிடுச்சு. ஏழு நாளைக்கு ஈ காக்கா உள்ள போவக்கூடாது."

ஏழு நாள்! அதற்குள் தாலி ஏறிவிடும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேசவனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பாவம், நல்ல மனுஷன், தன் மேல் பழி வந்துவிடுமோ என்று தலையைச் சொறிந்தார்.

"நான் எப்பவும் ரோல் பொந்துல டார்ச் அடிச்சிப் பாத்துட்டுத்தான் பாப்பா மருந்து வைப்பேன். உன் நைனாதான், மூலை ரோலத் தொடாத, அத நான் பாத்துட்டேன்னாரு. சரக்குல ஒரு பூச்சி இல்ல, சனிக்கெழம பாத்துக்கலாம்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன். இன்னிக்கே போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

யாமினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

லாரிக்காரர் போய்விட்டிருந்தார். நைனா தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் கிடந்த பைக்கின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏன் இந்த நேரத்தில் வந்தாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம். சீட்டு சுடாது."

யாமினி ஏறி உட்கார்ந்தாள். சீட்டு சுடவில்லை.